பின்னால் சுற்றிய அரைச் சுற்று

சீனன்குடா விமானப்படைத் தளத்தில், ஹங்கர் என்கிற கொட்டகைக்குள் நின்ற ஒவ்வொரு விமானத்தின் மூக்குக்குக் கீழேயும் ஒரு தகரத் தட்டு வைத்திருப்போம். பிஸ்கற் ரின் மூடியைத் தட்டி நெளிவெடுத்துச் செய்தது. எஞ்சின் ஓய்ந்து நிற்கும்போது சொட்டுகிற ஒயிலை ஏந்துவதற்கு. காலையில் வேலைக்கு வந்ததும் எங்கள் இன்ஸ்பெக்டர் நானா விமானத்தை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். குனிந்து தட்டைத்தான் பார்ப்பார். தட்டில் ஒயில் நின்றால் முகத்தில் ஒரு திருப்தி. காய்ந்து கிடந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "கீழ வரல்லெண்டா உள்ளுக்க எங்கயோ நிக்குது. எங்க நிக்குதெண்டு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிடுவார். எனக்கோ அந்தத் தட்டுகளைக் கண்டாலே எரிச்சல். அவசரமாக நடக்கிற என் காலில் அவைதான் எப்போதும் இடறும். கொட்டிய ஒயிலைத் துடைக்காமல் ஓரடி நகர நானா விடமாட்டார்.

நானா கிண்ணியாக்காரர். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். ஆனால் தளத்தில் சிங்களவர், தமிழர், பறங்கியர் எல்லாருக்குமே அவர் நானா, அதாவது அண்ணன்தான். நான் ஃபிட்டர், அவர் இன்ஸ்பெக்டர். நாங்கள் கழற்றிப் பூட்டுவோம். அவர் பார்த்து, தன் இலக்கம் பொறித்த சின்ன முத்திரையை விமானத்தின் புத்தகத்தில் குத்துவார். அந்த முத்திரை விழாமல் ஒரு விமானமும் தரையை விட்டு எழும்ப முடியாது. தளபதியே வந்து நின்றாலும் சரிதான். அந்த முத்திரையை அவர் சட்டைப்பையில் வைத்து, பையின் வாயை ஊசியால் குத்தி வைத்திருப்பார். நாங்கள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவோம். "கலியாணத்தண்டும் அது சட்டைக்குள்ளதான் இருந்ததோ நானா?" என்று கேட்டால், "ஓம், பொண்ணுக்கும் ஒரு குத்து குத்தித்தான் எடுத்தன்" என்பார்.

இந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த கெட்ட வேலை விளங்காது. கார் எஞ்சினில் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். இதில் அவை நடுத்தண்டைச் சுற்றி வட்டமாக நிற்கும். ஒற்றை வட்டமென்றால் ஐந்து, ஏழு, ஒன்பது என்று எப்போதும் ஒற்றை எண்ணில்தான். ஒவ்வொரு சிலிண்டரும் உடம்பெல்லாம் மெல்லிய தகடுகளோடு காற்றில் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கிற வேகத்தில் மோதுகிற காற்றே அதன் சூட்டைக் கொண்டுபோய்விடும். தண்ணீர் வேண்டாம், தண்ணீர்த் தொட்டி வேண்டாம், குழாய் வேண்டாம். முதலாவது உலக யுத்தத்தில் இதன் மூதாதை ஒன்று இருந்ததாம். அதில் புரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினே முழுதாகச் சுழலும். பிறகு எஞ்சினை அசையாமல் நிறுத்தி, தண்டை மட்டும் சுழலவிட்டார்கள். கப்பலிலிருந்து எழும்புகிற விமானங்களுக்கும், கடலுக்கு மேலே நாள் முழுதும் அலைகிற விமானங்களுக்கும் இதைத்தான் விரும்பினார்கள். தண்ணீரால் குளிர்கிற எஞ்சினில் ஒரு துப்பாக்கிச் சன்னம் குழாயில் பட்டால் போதும், சில நிமிடத்தில் கதை முடிந்தது. இது ஒரு சிலிண்டர் உடைந்தாலும் மிச்சத்தோடு இருமி இருமி வீடு வந்து சேரும்.

இரண்டாவது உலக யுத்தகாலத்தில் எங்கள் குடாவில் இறங்கி ஏறிய பறக்கும் படகுகளுக்கெல்லாம் இந்த வகை எஞ்சின்தான். இறக்கைக்கு மேலே இரண்டு, நாலு என்று பூட்டியிருக்கும். நீர்மூழ்கிகளைத் தேடிப் போனால் அடுத்த நாள்தான் திரும்பும். ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது நானா அங்கே கூலியாளாக வேலைக்குச் சேர்ந்து சில மாதந்தான். விழுந்து எரிந்த விமானமொன்றின் எஞ்சினைத் தூக்கப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். "அதுல இரிந்த எழுத்து வாசிக்க ஏலாது. ஆனா எஞ்சின் எங்கட எஞ்சின்தான். அதே வட்டம், அதே தகடு. எங்களக் காப்பாத்த எழும்பின பிளேனுக்குத்தான் தண்ணி எஞ்சின்" என்று அடிக்கடி சொல்வார். குண்டு போட்டவனும் குண்டுக்குக் காத்திருந்தவனும் ஒரே மாதிரியான நட்டைத்தான் முறுக்கியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தீராத ஆச்சரியம்.

இந்த எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வட்டத்தின் அடியில் தலைகீழாகத் தொங்குகிற சிலிண்டர்களுக்குள், எஞ்சின் நிற்கிற நேரத்தில் ஒயில் வடிந்து தேங்கிவிடும். காற்றை அமுக்கலாம், ஒயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்ரார்ட் பண்ணினால் பிஸ்டன் ஒயிலில் போய் முட்டும். பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு வளையும். ஆகவே காலையில் ஸ்ரார்ட் பண்ணுவதற்கு முன்னர் புரொப்பெல்லரைக் கையால் பிடித்து, அது சுழலுகிற திசையிலேயே மெதுவாகச் சுற்றிப் பார்க்கவேண்டும். எங்கேயாவது சுவரில் முட்டியதுபோல் நின்றால், உள்ளே ஒயில் நிற்கிறது. அப்போது மூடியைக் கழற்றி, அடிச் சிலிண்டர்களின் பிளக்குகளைக் கழற்றி, ஒயிலை வடியவிட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டவேண்டும். முக்கால் மணித்தியால வேலை. ஒருகாலும் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. புரொப்பெல்லரைப் பின்னால் சுற்றக்கூடாது. பின்னால் சுற்றினால் இலகுவாகத்தான் போகும். ஏனென்றால் ஒயில் சிலிண்டரை விட்டுக் காற்று வருகிற குழாய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே ஒயிலை உள்ளே இழுக்கும். தண்டு அப்போது ஒரு மயிரளவு வளைந்தாலும் வெளியே தெரியாது. அன்றைக்கும் ஓடும், மறுநாளும் ஓடும், பிறகு ஒருநாள் ஆகாயத்தில் முறியும். இது சீனன்குடாவில் துடைப்பம் பிடிக்கிறவருக்கும் தெரிந்த விசயம்.

வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன அதே மாரியில்தான் அந்தப் பெருவெள்ளம் வந்தது. மகாவலி கரையை உடைத்துக்கொண்டு மூதூர்ப் பக்கம் முழுவதையும் மூடிவிட்டது. என் மனைவி பிள்ளைப்பேற்றுக்குக் கிளிவெட்டியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்து பதினாறாம் நாள். பெண்பிள்ளை என்று தந்தி வந்ததோடு சரி, நான் முகம் பார்க்கவில்லை. ஊர்ச்சனம் முழுக்கப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஏறி நிற்கிறது, சாப்பாடு இல்லை என்று மட்டும் கதை வந்தது. மற்ற விமானங்களெல்லாம் நாட்டின் வேறு வெள்ளங்களுக்குப் போய்விட, எங்களிடம் இருந்தது ஒரேயொரு சின்ன விமானம். ஒற்றை எஞ்சின், ஒன்பது சிலிண்டர். தாழ்வாக, மெதுவாகப் பறந்து மூட்டைகளைப் போடுவதற்கென்றே செய்தது போன்ற விமானம். மூன்று நாள் மழை விடவில்லை. நாலாம் நாள் காலை வானம் கொஞ்சம் வெளித்தது. முதல் ஓட்டமே கிளிவெட்டிக்கு என்று பைலட் சொன்னான்.

நானா அரிசி மூட்டைகளையும் பால்மா ரின்களையும் ஏற்றுகிற இடத்தில் நின்றார். அதனால் அன்றைக்கு அவர் தட்டைப் பார்க்கவில்லை. தட்டு காய்ந்து கிடந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் புரொப்பெல்லரைப் பிடித்தேன். அதன் மூன்றாவது அலகு, அந்த விசிறி இறக்கை, கைக்கு வந்ததும் கடக்கென்று நின்றது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. மேலே மேகம் திரும்பக் கூடிக்கொண்டு வந்தது. முக்கால் மணித்தியாலம் போனால் மழை வந்துவிடும், மழை வந்தால் ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லாவிட்டால் என் பிள்ளைக்குப் பால் இல்லை. இதை நான் ஆற அமர யோசித்ததாகச் சொன்னால் பொய். என் தோள்தான் யோசித்தது. அலகைப் பிடித்து அரைச் சுற்றுப் பின்னால் சுற்றினேன். வெண்ணெய்போல வந்தது. பிறகு முன்னால் சுற்றினேன், எங்கேயும் முட்டவில்லை. "சுத்தியாச்சா?" என்று நானா அங்கிருந்து கேட்டார். "ஓம் நானா, சுத்தியாச்சு" என்றேன். அவர் வந்து முத்திரையைக் குத்தினார். பிறகு, மூட்டைகளைத் தள்ளிவிட ஆள் போதாது என்று தானே விமானத்துக்குள் ஏறிக்கொண்டார்.

எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. விமானம் கொட்டியாரக் குடாவுக்கு மேலே புள்ளியாகி மறைந்தது. அதன் பிறகு வந்த ஒன்றரை மணித்தியாலத்தை நான் எப்படிச் சொல்வது? ஹங்கரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தேன். ஸ்பானரை எடுத்தேன், வைத்தேன். ஒரு கோப்பை பிளேன்ரீயைக் கையில் வாங்கிவிட்டு எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடினேன். ஓடிப்போய்ச் சொன்னால் ரேடியோவில் திருப்பிக் கூப்பிடுவார்கள். மூட்டைகள் திரும்பி வந்துவிடும். சொல்லாமல் விட்டால் அந்தத் தண்டு வெள்ளத்துக்கு மேலே வைத்து முறியலாம். உள்ளே இருப்பவர் நானா. கிண்ணியாவில் அவருக்கு மூன்று பிள்ளைகள். சீ, நீயும் ஒரு மனுசனா என்று என்னையே ஏசினேன். ஆனால் போய்ச் சொல்லவில்லை. விமானத்தின் சத்தம் திரும்பக் கேட்டபோது ஹங்கரின் வாசலுக்கு ஓடினேன்.

இறங்கிய நானாவின் முகமெல்லாம் சிரிப்பு. "ஒன்ட மாமனார் ஊரு சனம் கை காட்டினாங்க. ஏழு மூட்டை சரியா விழுந்திச்சு, ரெண்டு தண்ணிக்குள்ள போச்சு. இன்னும் ரெண்டு ஓட்டம் போனாக் காணும்" என்றார். பைலட் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அடுத்த மூட்டைகளை ஏற்றச் சொன்னான். நானா திரும்ப ஏறப் படியில் கால் வைத்துவிட்டார். அப்போதுதான் என் வாய் திறந்தது. "நானா, நிண்டுகொள்ளுங்கோ. காலமை முட்டினது. நான் பின்னாலை சுத்திப்போட்டன்." சுற்றி நின்ற ஃபிட்டர்மார் எல்லாருக்கும் அது கேட்டது. நானா படியில் நின்றபடியே என்னைப் பார்த்தார். கோபமில்லை, கேள்வி மாத்திரம். "எவ்வளவு?" "அரைச் சுத்து." அவர் காலை எடுத்துக் கீழே வைத்தார். பைலட்டிடம் போய், இது இன்றைக்குப் பறக்காது என்றார். பைலட் கத்தினான். சனம் பட்டினி கிடக்கிறது, நல்லா ஓடுகிற எஞ்சினுக்கு என்ன கேடு என்று துள்ளினான். நானா புத்தகத்தை எடுத்துச் சிவப்பு மையால் கோடு போட்டார்.

அடிச் சிலிண்டர்கள் மூன்றையும் கழற்றுவதற்கு இரண்டு நாள் பிடித்தது. கழற்றியது நானும் நானாவும்தான். இரண்டு நாளும் வெளியே நல்ல வெயில்! வானம் கண்ணாடிபோலக் கிடந்தது. அந்த வானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு விசர் பிடித்தது. ஒவ்வொரு தண்டையும் நானா தட்டையான பலகையில் வைத்து அளந்தார், விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தார், திருப்பி வைத்து மீண்டும் அளந்தார். மூன்றும் நேராக இருந்தன. கடையில் வாங்கி வந்தவை மாதிரி. அந்த அரைச் சுற்றால் ஒரு கேடும் நடக்கவில்லை. நான் சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கே கிளிவெட்டிக்கு இன்னும் பதினெட்டு மூட்டை போயிருக்கும். நான் அந்த இடத்திலேயே அழுதேன், ஆறுதலாலா ஆத்திரத்தாலா என்று இன்றைக்கும் தெரியாது.

விசாரணை வைத்தார்கள். வெள்ள நேரத்தில் நல்ல விமானத்தை ஏன் நிறுத்தினாய் என்று தளத்துக்குப் பொறுப்பான பெரியவர் நானாவைக் கேட்டார். நான் கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றேன். என் பெயர் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். "காலையில் புரொப்பெல்லரைச் சுற்றியது நான். அது முட்டியது. பின்னால் சுற்றிவிட்டேன். பிறகு பயம் வந்தது, நிறுத்தினேன்" என்றார் நானா, தனக்குத் தெரிந்த இங்கிலீசில். ஒரு இன்ஸ்பெக்டரே இதைச் செய்தானா என்று மேசையில் அடித்தார் பெரியவர். ஊசியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து, நானா மேசையில் வைத்தார். நான் வாய் திறக்கவில்லை. கூசாமல் எழுதுகிறேன்: ஒரு சொல் சொல்லவில்லை. மனைவியும் பிள்ளையும் வரப்போகிறார்கள், வேலை போனால் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானாவை நட்டும் போல்ற்றும் எண்ணிக் கொடுக்கிற ஸ்டோர்ஸுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, கிண்ணியாவில் ஒரு நெல்லு மில்லின் எஞ்சினைப் பார்க்கப் போய்விட்டார்.

மனைவியும் பிள்ளையும் வள்ளத்தில் ஏறி, வண்டியில் ஏறி, மெலிந்து கறுத்து வந்து சேர்ந்தார்கள். விமானம் வராத அந்த நாட்களில் நனைந்த நெல்லை வறுத்துச் சாப்பிட்டதையும், பால் வற்றிப் பிள்ளை கத்தியதையும் அவள் சொன்னபோது நான் முற்றத்துக்கு எழுந்து போய்விட்டேன். நானாவிடம் போகவேண்டும், போகவேண்டும் என்று வருடங்கள் போயின. ஒருநாள் நகரச் சந்தையில் எதிரே வந்தார். நான் பக்கத்துத் துணிக் கடைக்குள் புகுந்து, வேண்டாத ஒரு சாரத்துக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். இடையில் நானும் இன்ஸ்பெக்டராகி, எனக்கும் முத்திரை கிடைத்தது. ஒன்பது சிலிண்டர் போய், பதினாலு சிலிண்டர் எஞ்சின்கள் இரண்டிரண்டாகப் பூட்டிய டக்கோட்டா விமானங்கள் வந்தன. நாங்கள் லிங்கநகரில் வீடு கட்டினோம். வீட்டுக்குள் ஒரு கதிரையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருந்தேனென்றால், அது காய்ச்சல் வந்த நாளாக இருக்கும்.

அந்தப் பதினாறு நாள் பிள்ளைக்குக் கலியாணம் பேசி முடித்த பிறகு, ஆர் ஆருக்குச் சொல்லவேண்டும் என்று மனைவி பெயர் எழுதினாள். "கிண்ணியா நானா" என்றேன். அது ஆர் என்று கேட்டாள். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு முதன்முதலாக அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டினி போட்டதற்கு ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் பேனையை வைத்தாள். "நாங்கள் நெல்லு வறுத்துத் திண்டதை விடுங்கோ. ஒரு மனுசன் உங்களுக்காண்டி வேலையைக் குடுத்திட்டுப் போயிருக்கு. இவ்வளவு காலமும் எப்பிடி உங்களுக்குச் சோறு இறங்கினது?" என்று கேட்டாள். "நாளைக்கே போங்கோ. பஞ்சி அலுப்புப் பாராமல் போங்கோ" என்றாள்.

அடுத்த நாள் கிண்ணியாத் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி அக்கரைக்குப் போனேன். மில்லின் பின்பக்கத்தில் நானா சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்றார். தாடி வெளுத்திருந்தது. "வா தம்பி, வா. மெலிஞ்சிட்டாய்" என்று கையைப் பிடித்தார், நேற்றுப் பிரிந்தவர்போல. நான் கலியாணக் கார்டைக் கொடுத்துவிட்டு, இத்தனை வருடமும் மனதுக்குள் பாடமாக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். எனக்காக நீங்கள் பட்ட பாட்டுக்கு என்ன கைமாறு செய்வேன் என்று அழுதேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆரு சொன்ன ஒனக்காகச் செஞ்சனெண்டு?" என்றார்.

"தண்டு வளைஞ்சிருந்தா ஒன்ட பேரத்தான் எழுதியிரிப்பன். ஒனக்கு அது வேணும். ஆனா தண்டு நேரா இரிந்திச்சு. அப்ப ஒன்ட பேர எழுதினா, எஞ்சினக் கெடுத்ததுக்கில்ல, வந்து சொன்னதுக்குத்தான் ஒன்ன வெட்டுவாங்க. நீ சொன்னத ஹங்கர்ல அவ்வளவு பேரும் கேட்டாங்க. ஒனக்கு ஒண்டும் நடக்கல்ல எண்டதயும் கண்டாங்க. பொறகு நான் ஸ்டோர்ஸ்ல இரிந்த ஒண்டர வருசமும், ஆர் என்ன பிழை விட்டாலும் ஒளிக்காம வந்து சொன்னானுகளே, ஒனக்கு ஞாபகமில்லையா?" ஞாபகம் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தபடி, "இப்ப ஒன்ட கையில முத்திரை. ஒன்னட்ட எத்தின பேர் வந்து சொல்றானுக?" என்று கேட்டார்.

"ஒருத்தன் வந்தவன் நானா" என்றேன். "ஸ்குறூ டிறைவர் ஒண்டை எஞ்சின் மூடிக்குள்ளை விட்டிட்டுப் பூட்டிப்போட்டன் எண்டு சொன்னவன். எழுதிக் குடுத்திட்டன். வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்கள்." "அதுக்குப் பொறகு?" "அதுக்குப் பிறகு அஞ்சு வருசம், ஒருத்தரும் இல்லை. எங்கடை ஹங்கரிலை ஒரு பிழையும் நடக்கிறேல்லை நானா." சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன். மில் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னது என் காதிலேயே திரும்ப விழுந்தபோது, அன்றைக்குக் காய்ந்து கிடந்த தட்டு நினைவுக்கு வந்தது. வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி, துறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஏழு ஃபிட்டர்மாரையும் டக்கோட்டாவுக்கு முன்னால் கூப்பிட்டேன். பத்து மணிக்கு அது இருபத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு எழும்ப வேண்டும். புத்தகம் என் கையில் இருந்தது, முத்திரையும் இருந்தது. "ஆரின்ரை பேரையும் எழுதமாட்டன். என்ரை பிள்ளையாணை எழுதமாட்டன்" என்றேன். "இந்த ரெண்டு எஞ்சினிலையும் எனக்குச் சொல்லாமல் விட்டது ஏதும் இருக்குதோ?" ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், நிலத்தைப் பார்த்தார்கள். நான் முத்திரையை மேசையில் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டேன். கடைசியில் நின்றவன் மெதுவாகக் கையை உயர்த்தினான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் உயர்த்தினான். பிறகு முன்வரிசையில் இரண்டு பேர்.